பை இல்லாத கை

இதுக்கே சிரிச்சுட்டீங்களே அக்கா! கவுண்டர்ல இருக்கிறவங்க குரலைப் பேசிக் காட்டுறது ரொம்ப லேசு. மூக்கைக் கொஞ்சம் அடைச்சுக்கிட்டா போதும். "டோக்கன் பதினொண்ணு, வரலாம். பதினொண்ணு இருக்கீங்களா, வீட்டுக்குப் போயிட்டீங்களா?" அய்யோ, அந்தத் தாத்தா எழுந்து நின்னுட்டார். தாத்தா, நீங்க இல்ல, உட்காருங்க! சும்மா விளையாட்டுக்கு. மன்னிச்சுக்கோங்க.

சரி, இனிமேல் மெதுவா பேசுறேன்.

இதைவிடப் பெரிய சிரிப்பு ஒண்ணு என்கிட்ட இருக்கு. சொல்லட்டுமா? உங்க மாமனாரை ஸ்கேனுக்குள்ள இப்பத்தானே கூட்டிட்டுப் போயிருக்காங்க, வெளியே வர நேரமாகும். வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. எங்க வகுப்பே சிரிச்சுச்சு. பாதி வரைக்கும் சிரிச்சுச்சு. ஆனா சட்டுன்னு சொல்லிட்டா நல்லா இருக்காது, கொஞ்சம் பின்னால போய் ஓடி வந்துதான் தாண்டணும்.

நான் என்ன படிக்கிறேன்னு கேட்டீங்கல்ல? விளையாட்டு அறிவியல். இரண்டாம் வருஷம். அதுல கினிசியாலஜின்னு ஒரு பாடம். உடம்பு எப்படி அசையுது, எந்தத் தசை இழுத்தா எந்த எலும்பு நகருது, மனுஷன் ஏன் விழாம நடக்கிறான், அதெல்லாம். எங்கம்மாவுக்கு இன்னும் பிடிபடல. தூத்துக்குடியில கருவாட்டுக் கம்பெனியில இருக்காங்க, கூட வேலை செய்யிறவங்ககிட்ட எப்படிச் சொல்லுவாங்க தெரியுமா? "எம்மா, எம்மவ நடக்கப் படிக்கா. ஒரு வயசுல நானே படிச்சுக் குடுத்தேன், அது போதலியாம், யுனிவர்சிட்டியில போயிப் படிக்கா." இது எங்கம்மா குரல். அச்சு அசல். வேணும்னா போன்ல பேசச் சொல்லி ஒத்துப் பாருங்க. வேண்டாம், இப்ப வேண்டாம்.

அந்த டிவியைப் பாருங்க அக்கா, கவுண்டருக்கு மேல. சினிமா எல்லாம் வராது. வாசல் கேமரா அது. உள்ளே வர்றவங்க முதுகு மட்டும் தெரியும், கறுப்பு வெள்ளையா, மங்கலா, ரெண்டு மூணு நொடி பிந்தி. நீங்க செல்போன் பார்க்கிறீங்க, நான் காலையில இருந்து அதைத்தான் பார்த்துட்டு இருக்கேன். அந்தா ஒருத்தர் வர்றார் பாருங்க, வலது முட்டி தேஞ்சிருக்கு. உடம்பை இடது பக்கம் சாய்ச்சு சாய்ச்சு வைக்கிறார், பாரத்தை அந்தக் கால்ல ஏத்த மனசில்ல. பின்னால வர்ற அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, செருப்புதான் பெரிசு. இதெல்லாம் மேடம் சொல்லிக் குடுத்தது.

மேடம்னா சுகிர்தா மேடம். இப்ப வெளியே கேட்ல நிக்கிறாங்களே, கொய்யாப்பழப் பையோட, அவங்கதான். யாருக்காக நிக்கிறாங்கன்னு பிறகு சொல்றேன். அதுலதான் சிரிப்பே இருக்கு.

மேடம் அந்தக் காலத்துல தடை ஓட்டக்காரி. நாகர்கோவில் பக்கம். எங்க எல்லாரையும் "மக்களே"ன்னுதான் கூப்பிடுவாங்க. கோபம் வந்தாலும் மக்களேதான், அழுத்தம் மட்டும் மாறும். "மக்ளே"ன்னா பாசம். "மக்க்களே!"ன்னா மைதானத்தைச் சுத்தி ஓடணும். எங்க விடுதிக்கும் அவங்கதான் வார்டன். பாடம் நடத்துறது எப்படி இருக்கும்னா, எலும்புப் பேர் எல்லாம் சொந்தக்காரங்க பேர் மாதிரி சொல்லுவாங்க.

அவங்க வகுப்புல ஒரு பழக்கம் உண்டு. செவ்வாய்க்கிழமைன்னா புள்ளி வகுப்பு. வெளிநாட்டுல இதுக்குப் பெரிய பெரிய கேமரா எல்லாம் இருக்காம். எங்ககிட்ட என்ன இருக்கு? சைக்கிள் கடையில விக்கிற மினுமினு ஸ்டிக்கர் இருக்கு. பின் மட்கார்டுல ஒட்டுவாங்கல்ல, அது. அதைப் பொட்டு பொட்டா வெட்டி, கறுப்பு ட்ராக் சூட் போட்டு, மூட்டுக்கு மூட்டு ஒட்டிக்கணும். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால். லேப்ல லைட்டை அணைச்சுட்டு, கேமரா பக்கத்துல ஒரு டார்ச். எதிர்ச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வரணும். படத்துல ஆள் தெரியாது. இருட்டுல புள்ளிகள் மட்டும் நடந்து வரும். மின்மினி நடக்கிற மாதிரி.

பிறகு அதைச் சுவர்ல போட்டுக் காட்டுவோம். மேடம் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து, அந்தப் புள்ளிகளை வச்சே யாருன்னு சொல்லுவாங்க. யாருன்னு மட்டுமா? "இவன் மூணு நாளா ப்ராக்டீஸுக்கு வரல, இடுப்பு இறுகிக் கிடக்கு." "இவ புது ஷூ வாங்கியிருக்கா, கடிக்குது." ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. "முகம் நடிக்கும் மக்களே, மூட்டு நடிக்காது"ன்னு அடிக்கடி சொல்லுவாங்க.

மூட்டு நடிக்காதாம்! யார்கிட்ட? என்கிட்ட!

நான் முதல் வருஷத்துலயே ஒரு தடவை ஏமாத்திப் பார்த்தேன் அக்கா. பேச்சித்தாய்னு ஒருத்தி, என் ரூம்மேட், ராஜபாளையத்துக்காரி, கபடி ஆடுவா. அவளுக்குக் கணுக்கால்ல பழைய சுளுக்கு. அவளை மாதிரி நொண்டி நடந்தேன். மேடம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "இது ரெக்ஸலின். பேச்சி மாதிரி நடக்கா. பேச்சி நொண்ட மாட்டா மக்களே, நொண்டாம இருக்கத்தான் அவ பாடுபடுவா. நீ நொண்டுற. நடையைப் பார்த்து நடந்தா அது கோமாளித்தனம். ஏன் அப்படி நடக்கான்னு தெரிஞ்சு நடந்தாத்தான் கினிசியாலஜி." எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் மத்தவங்களைச் சிரிக்க வைக்கிறவ அக்கா. என்னைப் பார்த்து யாரும் சிரிச்சதில்ல. அன்னிக்கே முடிவு பண்ணினேன், ஒரு நாள் இவங்களை விழ வைக்கணும். அதுவும் அவங்க நடையை வச்சே விழ வைக்கணும்.

மேடம் உயரம்தான் நானும். அது ஒரு வசதி.

மேடம் நடையில என்ன இருக்குன்னா, பை. இடது கையில எப்பவும் ஒரு பை வச்சிருக்கிற மாதிரி நடப்பாங்க. வலது கை ராணுவத்துக்காரங்க மாதிரி வீசும், இடது கை இடுப்பு பக்கத்துலயே நிக்கும், முழங்கை லேசா மடங்கி. பை இருந்தா சரி. பை ஸ்டாஃப் ரூம்ல இருக்கும்போதும் அப்படித்தான். நான் முதல்ல கவனிச்சது ஜூன் மாசத்துல. கவனிச்ச அன்னிக்கு ராத்திரியே விடுதி வராந்தாவுல நடந்து காட்டினேன். "பை எங்கடி? பை எங்கடி?"ன்னு எல்லாரும் கத்தினாங்க. "அது பை இல்லாத பை மக்களே"ன்னு மேடம் குரல்லயே சொன்னேன். ஒருத்தி சிரிச்சு சிரிச்சு மூச்சுத் திணறி, தண்ணி தெளிக்க வேண்டியதாப் போச்சு.

இன்னொண்ணு, ஷூ சத்தம். இடது ஷூ தரையில லேசா இழுபடும். டக், சரக். டக், சரக். விடுதியில நான் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போடுவேன். கதவுக்கு வெளியே நின்னு "டக், சரக்"னு ஆரம்பிச்சா உள்ளே செல்போன் எல்லாம் தலையணைக்கு அடியில போயிரும். முதல்ல அந்த "சரக்" அபூர்வமாத்தான் வரும். தீபாவளிக்குப் பிறகு ஒவ்வொரு எட்டுக்கும் வந்துச்சு. நானும் என் "சரக்"கை மாத்திக்கிட்டேன். அசலுக்குத் தக்கபடிதானே நகல் இருக்கணும்?

சிரிப்பு எங்கேன்னு பார்க்கிறீங்க. வருது, வருது, பொறுங்க.

கைதான் கஷ்டம். அசைக்காம வச்சுக்கிட்டா விறைப்பாத் தெரியும், மேடம் கண்டுபிடிச்சிருவாங்க, 'கையைப் பிடிச்சு வச்சிருக்கா'ன்னு. ஏன்னு தெரிஞ்சு நடக்கணும்னு அவங்கதானே சொன்னாங்க? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அவங்களுக்கு அந்தக் கை வலிக்கல. பிடிச்சும் வைக்கல. அந்தக் கை அவங்க ஞாபகத்துல இல்ல, அவ்வளவுதான். அப்ப நானும் மறக்கணும். ஒரு கையை எப்படி மறக்கிறது? வலது கை எலும்புப் பேரை எல்லாம் மனசுக்குள்ள வரிசையாச் சொல்லிக்கிட்டே நடந்தேன். மனசு பூரா வலது கையில. இடது கை அநாதையாத் தொங்கும். பேச்சி பின்னால இருந்து பார்த்துட்டு, "ஏ, பயமா இருக்குடி. நீ அவங்களாவே ஆயிட்ட"ன்னா. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அப்படி உட்கார்ந்து நான் எந்தப் பரீட்சைக்கும் படிச்சதில்ல.

போன செவ்வாய்க்கிழமை. புள்ளிகள் சுவர்ல நடந்து வந்துச்சு. என் புள்ளிகள். வகுப்புல எல்லாருக்கும் தெரியும், மேடத்துக்கு மட்டும் தெரியாது. எல்லாரும் வாயை மூடிக்கிட்டு தோளைக் குலுக்கிட்டு இருக்காங்க. கடைசி பெஞ்சுல இருந்து மேடம் குரல் வருது.

"இது நம்ம வகுப்பு ஆள் இல்ல."

பேச்சி என் தொடையைக் கிள்ளினா.

"பொம்பளை. நாப்பத்தஞ்சு தாண்டியிருக்கும். யார் வீட்டு அம்மாவை மக்களே பிடிச்சுட்டு வந்தீங்க?"

அப்ப ஒரு சிரிப்பு. மேடமும் சிரிச்சாங்க, கூட்டிட்டு வந்தது நல்ல யோசனைன்னு நினைச்சு.

"இடுப்பைப் பாருங்க, என்ன அழகா தூக்கி வைக்கா. ஓடினவ இவ. சும்மா ஓட்டம் இல்ல, தாண்டி ஓடினவ. வலது கால் தள்ளும், இடது கால் முன்னால போகும். இத்தனை வயசுக்குப் பிறகும் அது போகல பாருங்க. மக்களே, இவ நம்ம ஆளு!"

இதுதான் அக்கா. இதுதான் அந்தச் சிரிப்பு. தன்னையே பார்த்து "இவ நம்ம ஆளு"ங்கிறாங்க! வகுப்பு வெடிச்சுச்சு. ஒருத்தன் பெஞ்சுல இருந்து கீழே உருண்டான். இப்ப நீங்க சிரிக்கணும்.

சிரிக்கலையா? சரி. நான் சரியாச் சொல்லல போல.

மேடமும் முதல்ல கூடச் சேர்ந்து சிரிச்சாங்க. பிறகு, "இருங்க, இருங்க. திரும்ப முதல்ல இருந்து போடு"ன்னாங்க. போட்டோம். "இன்னொரு தடவை." போட்டோம். மூணாவது தடவை எழுந்து முன்னால வந்துட்டாங்க.

"இந்த இடது கையைப் பாருங்க."

அப்பவும் ரெண்டு பேர் சிரிச்சுட்டு இருந்தாங்க.

"சிரிக்காதீங்க மக்களே. இது சிரிக்கிற நடை இல்ல." குரல் மெதுவாத்தான் வந்துச்சு. நான் இதுவரை பேசிக் காட்டாத குரல் அது. "தோள்ல அடின்னா கையை உடம்போட ஒட்டி வச்சிருப்பா. இவ வைக்கல. கை சும்மாத்தான் இருக்கு. வலி இல்ல. அவளுக்கு அது ஞாபகம் இல்ல, அவ்வளவுதான். கையை மறந்துட்டா."

எப்படிப் பாருங்க அக்கா! நான் வராந்தாவுல கண்டுபிடிச்ச அதே வார்த்தை.

"இப்ப திரும்புற இடம். நீங்கன்னா ஒரே எட்டுல திரும்புவீங்க. இவ பாருங்க, சின்னச் சின்னதா வச்சு, முழு உடம்பும் ஒரு கட்டையா சுத்துது." அதுவும் அவங்ககிட்ட இருந்து எடுத்ததுதான். கரும்பலகையில எழுதிட்டு எங்க பக்கம் அப்படித்தான் திரும்புவாங்க. "கை நடுங்கினாத்தான் நடுக்குவாதம்னு ஊர்ல நினைக்காங்க. நடுக்கம் பிறகு வரும். முதல்ல இந்த வீச்சுதான் போகும். வீட்டுல யாரும் கவனிக்க மாட்டாங்க. அவளும் கவனிக்க மாட்டா. யாருக்குத் தன்னோட நடை தெரியும்? இப்பவே நரம்பு டாக்டர்கிட்டப் போனா மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு, ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம். இவ இந்த வாரமே போகணும்."

சொல்லிட்டு, சுவர்ல அந்த இடது மணிக்கட்டுப் புள்ளி மேல வலது கை விரலை வச்சாங்க. ப்ரொஜெக்டர் வெளிச்சம் முழுக்க அவங்க மேல விழுந்துச்சு. சுவர்ல ஒரு இடது கை ஆடாம நிக்குது. பக்கத்துலயே அவங்க இடது கை, அதே மாதிரி, முழங்கை லேசா மடங்கி, இடுப்பு பக்கத்துல.

அதை வகுப்புல எல்லாரும் பார்த்தோம்.

"இது யார் மக்களே?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க.

"ரெக்ஸலின், உன் மெமரி கார்டுல இருந்துதானே வந்துச்சு? உன் அம்மாவா?"

நான் பொய் சொல்லணும்னு நினைக்கவே இல்ல அக்கா. நான் நடந்தேன், அவ்வளவுதான். அம்மான்னு முடிவு பண்ணினது அவங்க. தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுறது பொய்யா? மேடம் பக்கத்துல வந்து, என் தலையை அவங்க வயித்தோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. வலது கையாலதான். "அழாத மக்ளே, நாம சீக்கிரமே பார்த்துட்டோம். நீ கொண்டு வந்து காட்டினதுதான் பெரிய காரியம்"னாங்க. நான் அழவே இல்ல. அவங்க சொன்ன பிறகுதான் அழுதேன்.

சாயங்காலம் பேச்சி, "போய்ச் சொல்லிருடி"ன்னா. "நீ சொல்லு"ன்னேன். "நடந்தது நீதானே?"ன்னா. "சிரிச்சது நீதானே?"ன்னேன். வகுப்புல எல்லாரும் இதையேதான் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருந்தோம். அடுத்த நாள்ல இருந்து யாரும் மேடம் பின்னால நடக்கிறதில்ல. முன்னாலயும் நடக்கிறதில்ல. கும்பலா நின்னுட்டு, அவங்க போன பிறகு போறோம். விடுதியில ராத்திரி "டக், சரக்" கேட்டா முன்னெல்லாம் நானா அவங்களான்னு ஒரு சந்தேகம் இருக்கும். இப்ப சந்தேகமே இல்ல.

இருங்க, எத்தனாவது நம்பர் கூப்பிடுறாங்க? பன்னிரண்டா? நல்லது, நேரம் இருக்கு.

பிறகு மேடம் எங்கம்மாகிட்டப் பேசணும்னு நம்பர் கேட்டாங்க. என்ன செய்ய? பேச்சியோட இன்னொரு நம்பரைக் குடுத்துட்டு, தண்ணித் தொட்டிக்குப் பின்னால போய் உட்கார்ந்தேன். போன் வந்துச்சு. எடுத்தேன், எங்கம்மா குரல்ல. "ஆரு? மேடமா? நல்லா இருக்கியளா?"

"அம்மா, பயப்படாதீங்க. உங்க மக நல்ல பிள்ளை. உங்க நடையைப் படம் எடுத்துக் காட்டினா. நான் ரெண்டு மூணு கேள்வி கேட்பேன், சொல்லணும். மணம் எல்லாம் தெரியுதா? காப்பி மணம், மல்லிப்பூ மணம்?"

கருவாட்டுக் கம்பெனியில இருக்கிற எங்கம்மாவுக்கு மணம் தெரியாமலா? ஆனா சொல்லணுமே, ஏதோ ஒண்ணு. "இல்லியே மேடம், ஒண்ணும் தெரியக் காணோம்."

"அதுக்குப் பயந்துராதீங்க. அது மட்டும் இருந்தா ஒண்ணும் இல்ல. எனக்கே ஒரு வருஷமா காப்பி மணம் தெரியல, நான் நல்லாத்தானே இருக்கேன்? சரி, தூக்கத்துல கை காலை உதறுவீங்களா?"

போனை ஒரு தடவை மடியில வச்சுட்டுத் திரும்பக் காதுக்கு எடுத்தேன்.

"வெட்கப்படாதீங்கம்மா. நானும்தான். போன மாசம் கனவுல தடை தாண்டுறேன்னு கட்டில்ல இருந்து கீழே விழுந்தேன், நாப்பத்தெட்டு வயசுல!" சொல்லிட்டுச் சிரிச்சாங்க. எங்கம்மாவைத் தைரியப்படுத்துறாங்களாம். ஒவ்வொண்ணா கேட்குறாங்க, ஒவ்வொண்ணுக்கும் "எனக்கும்தான், எனக்கும்தான்"ங்கிறாங்க. பரீட்சைத் தாள்ல பதிலை எல்லாம் அவங்களே சொல்லிட்டு, மார்க் மட்டும் வேற யாருக்கோ போடுற மாதிரி.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எங்கம்மா குரல்லயே சொன்னேன், "மேடம், எனக்கு டாக்டர்னா பயம். நீங்க கூட வந்தா வாரேன்." ஒரு நொடிகூட யோசிக்கல அவங்க. "சனிக்கிழமை எனக்கு லீவுதான். நீங்க தூத்துக்குடியில இருந்து நேரா மதுரைக்கு வந்துருங்க, நான் ரெக்ஸலினைக் கூட்டிட்டு வந்துருறேன்."

இதுதான் என்னோட பெரிய ஏமாத்து. எப்படி? ஒத்துக்கிறீங்களா? யார் சொன்னாலும் தனக்காக ஆஸ்பத்திரிக்கு வராத ஆளை, இன்னொருத்தருக்காகன்னு சொல்லி கொண்டு வந்து சேர்த்துட்டேன். நல்லதுக்குத்தானே அக்கா? காலையில கவுண்டர்ல டோக்கன் போட்டது யார் பேர்ல தெரியுமா? சுகிர்தா, வயசு நாப்பத்தெட்டு. அவங்க அப்ப பழக்கடையில நின்னுட்டு இருந்தாங்க. எங்கம்மாவுக்குக் கொய்யா பிடிக்கும்னு எப்பவோ சொல்லியிருக்கேன், ஞாபகம் வச்சு வாங்குறாங்க.

பஸ்ல வரும்போது சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. ஜன்னலோரத்தை எனக்குக் குடுத்துட்டாங்க. "உன் அம்மாவுக்குச் சட்டுன்னு விவரம் சொல்லிறாத. நான் சொல்றேன், பக்குவமா. இதை ஒரு மனுஷிகிட்டச் சொல்றதுக்குன்னு ஒரு முறை இருக்கு மக்ளே. முதல்ல உட்கார வைக்கணும். கையைப் பிடிச்சுக்கணும். பிறகுதான் சொல்லணும்"னாங்க. வழி பூரா அதையேதான் யோசிச்சுட்டு வந்தாங்க போல. உதடு அசைஞ்சுட்டே இருந்துச்சு.

இப்ப பதினாலைக் கூப்பிட்டுட்டாங்களா? பதிமூணு என்ன ஆச்சு? வரலையா?

எங்களுது பதினாறு.

அதுக்குள்ள சொல்லியாகணும். பேரைக் கூப்பிட்டு அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னால, "சுகிர்தா, நடுக்குவாதம் செக்கப்"னு அந்த மூக்குக் குரல்ல. நீங்களே சொல்லுங்க அக்கா, எப்படிச் சொல்றது? எங்கம்மா குரல்லன்னா சொல்லிருவேன். வார்டன் குரல்லன்னாலும் சொல்லிருவேன், "மக்களே, அது நீங்கதான் மக்களே"ன்னு. பார்த்தீங்களா, அதுகூட வேடிக்கையாப் போகுது. கேட்டுக்குப் போய் உட்கார வச்சு, கையைப் பிடிச்சு… அங்கே உட்கார இடமே இல்ல. வெயில்ல நிக்கிறாங்க. இன்னும் தூத்துக்குடி பஸ் வரல வரலன்னு பார்த்துட்டு நிக்கிறாங்க. எங்கம்மா இந்நேரம் கருவாட்டைப் புரட்டிப் போட்டுட்டு இருப்பாங்க.

உங்க மாமனார் நடையையும் காலையிலேயே பார்த்துட்டேன். உங்களுக்கு நடந்து காட்டலாம்னுகூட எழுந்தேன், நீங்க கவனிக்கல. நல்லவேளை.

அந்தா. உள்ளே வர்றாங்க. வாசல்ல. அந்தப் பச்சைச் சேலை. பழப்பை எந்தக் கையில இருக்குன்னு பாருங்க, வலது கையில. இடது கையில ஒண்ணும் இல்ல. பாருங்க அக்கா, ஒண்ணுமே இல்ல.

கவுண்டருக்குத்தான் போறாங்க, பஸ் லேட்டு, டோக்கனைத் தள்ளிப் போடுங்கன்னு சொல்லப் போறாங்க. அய்யோ, அவங்க பார்த்தா டோக்கன்ல பேர்… இல்ல, நின்னுட்டாங்க. மேலே பார்க்கிறாங்க. டிவியைப் பார்க்கிறாங்க.

என்னைப் பார்த்துக் கையைக் காட்டுறாங்க அக்கா. சிரிக்கிறாங்க. என்ன சொல்றாங்க? "உன் அம்மா…" உன் அம்மா வந்துட்டாங்கன்னு. டிவியைக் காட்டி, "அந்தா, அந்தா, உன் அம்மா வந்துட்டாங்க!"

வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாங்க. சின்னச் சின்ன எட்டா வச்சுத் திரும்புறாங்க. வாசல்ல யாரு இருக்கா? காவலாளிதான் நிக்கிறார். இப்ப மறுபடி டிவியைப் பார்க்கிறாங்க.

சிரிப்பு நின்னுருச்சு.

பழப்பையைக் கீழே வைக்கிறாங்க. டிவியை விட்டுக் கண்ணை எடுக்கல. நடக்கிறாங்க. கையை வீசி நடக்கிறாங்க அக்கா, இடது கையை. வேணும்னே. பாருங்க, நல்லா வீசுது. ஒண்ணு. ரெண்டு.

மூணாவது எட்டுல மறந்துருச்சு.

என் பக்கம் திரும்புறாங்க. அக்கா, நீங்க கொஞ்சம் எழுந்துக்கோங்களேன். அவங்க இங்க உட்காரணும்.